இரண்டு சம்பந்திகளும் ஒரு குடைக்காரரும்

என் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகத்தான். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்களை எல்லாம் மாற்றப்போவதாக அறிவித்துவிட்டார்கள். குளியலறைச் சுவரை உடைத்து, தரையைப் பெயர்த்து, வீடு முழுக்க சிமெண்ட் புழுதி. "தனி ஆளு, எதுக்கு அங்க கிடந்து கஷ்டப்படணும்? இங்க வந்து இருக்கச் சொல்லும்மா" என்று சொன்னது என் மாமியார்தான். அதற்காக அவர் பிறகு எத்தனை முறை தன் தலையில் தானே தட்டிக்கொண்டார் என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. நான், என் கணவர், மாமனார், மாமியார். மாமனார் ரொம்ப வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எந்த லிஃப்டில் ஏறினாலும் கதவில் காதை வைத்து ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் நகர்வார். கல்யாணத்திலும், பிறகு ஓரிரு விசேஷங்களிலும் பார்த்துக்கொண்டதைத் தவிர, சம்பந்திகள் இரண்டு பேருக்கும் பெரிய பழக்கம் இல்லை. "வாங்க வாங்க", "சௌக்கியமா", "சாப்பிட்டீங்களா" என்ற அளவில் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. குடைக்காரர் நடுவில் வந்து கெடுத்தார்.

குடைக்காரர் என்பது பழைய துப்பறியும் நாவல்களில் வருகிற ஆள். எங்கே போனாலும் மடக்கிய குடையோடு போவார், மழையே கொட்டினாலும் அதை விரிக்க மாட்டார். அவரை இதுவரைக்கும் மூன்று பேர் திரையில் நடித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் நடித்தவர் நல்ல கனத்த சரீரம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். ரசிகர்கள் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். கொலை நடந்த வீட்டுக்குள் வந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சந்தேகப்பட்ட ஆட்களை ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் குற்றவாளி தானே உளறிவிடுவான். கலர் படங்கள் வந்த பிறகு நடித்தவர் 'ஒல்லியர்'. அவர் உட்காரவே மாட்டார். தரையில் தவழ்வார், திரைச்சீலையை மோந்து பார்ப்பார், சாம்பலை நாக்கில் தொட்டுவைப்பார், ஏதாவது கண்ணில் பட்டால் இடது புருவம் மட்டும் மெல்ல ஏறும். மூன்றாமவர் இப்போது புதிதாக வந்திருக்கும் தொடரில் நடிக்கிற இளைஞர். நெற்றியில் முடி விழும். முதல் பகுதியிலேயே குடையை ரயிலில் தொலைத்துவிடுகிறார், அதற்கப்புறம் அதைத் தேடவும் இல்லை.

அப்பா வந்த மறுநாள் சாயங்காலம் என் கணவர் டிவியைப் போட்டு, பழைய குடைக்காரர் படங்களை எல்லாம் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். பாவம், இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து பார்ப்பார்களே என்ற நல்லெண்ணம்.

"பெரியவர் பெரியவர்தான்" என்றார் அப்பா, டீக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டே.

"யாரு, அந்தத் தூங்குமூஞ்சியா?" என்றார் மாமனார்.

மாமியார் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"தூங்கலை சம்பந்தி. யோசிக்கிறார்" என்றார் அப்பா.

"யோசிக்கிறவர் குறட்டை விடுவாரா?"

"அது மூச்சு. கனத்த உடம்பு, மூச்சு அப்படித்தான் வரும்."

"கொலை நடந்த ரூமுக்குள்ள வந்தா பிணம் எங்கேன்னு பார்க்கணும். உங்க ஆளு நாற்காலி எங்கேன்னு பார்க்கிறார்."

"உங்க ஆளு மட்டும்? வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒழுங்கா நடக்கத் தெரியுதா? தவழ்ந்து தவழ்ந்து பேண்ட் முட்டியெல்லாம் தேஞ்சு போச்சு."

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு படம், படத்துக்கு மேல் ஒரு சண்டை. என் அப்பாவும் மாமனாரும் கோபம் ஏற ஏற மரியாதையைக் கூட்டிக்கொண்டே போகிற ரகம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "தாங்கள் கடையில ரெண்டு கண்ணையும் சேர்த்தே வித்துட்டீங்களா?" என்று அப்பா கேட்டார். "தங்களோட லிஃப்ட் மாதிரியே தங்களோட ரசனையும் பாதியில நின்னுபோச்சு" என்று மாமனார் பதில் சொன்னார். ஒரு நாள் படத்தை நிறுத்தி வைத்து, கடையில் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி பார்க்கிற சின்ன ஸ்கேலை எடுத்து வந்து டிவி மேல் வைத்து, ஒல்லியரின் புருவம் எவ்வளவு ஏறுகிறது, பெரியவரின் புருவம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து காட்டினார். பெரியவரின் புருவம் ஏறவே இல்லை. "அதுதான் நடிப்பு" என்றார் அப்பா. "நல்ல லிஃப்ட்டுன்னா மோட்டார் ஓடுறதே தெரியக்கூடாது." மாமியார் எழுந்து வந்து டிவியில் பதிந்த விரல் தடங்களைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

இந்தக் குடைக்காரர் வியாதி நாளாக நாளாக உடம்பிலும் ஏறியது. அப்பா சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைக்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டார். மாமனாருக்கு எதைப் பார்த்தாலும் இடது புருவம் மேலே போனது. பால் பாக்கெட்டைப் பார்த்தாலும் போனது.

நான் காது கேட்கும் கருவி பொருத்தும் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். சத்தமே நுழையாத ஒரு சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவதுதான் நாள் முழுக்க வேலை. அந்த வாரங்களில் மதிய இடைவேளையில் நானே அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாமியார் மட்டும் சண்டையில் தலையிடவில்லை. தினமும் ஒரு தடவை, "என்னங்க, நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்பார். "இதோ, இந்த ஒரு சீன் மட்டும்" என்று மாமனார் சொல்வார். அந்த ஒரு சீன் படுக்கப் போகிறவரைக்கும் ஓடும்.

கடைசியில் என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். ஒரே கதையை இரண்டு நடிகர்களும் நடித்திருக்கிறார்கள். உள்ளே பூட்டிய அறையில் கடிகாரக் கடை முதலாளி செத்துக்கிடக்கிற கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது, எது மேல் என்று இவர் தீர்ப்புச் சொல்வது, அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக இவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அக்கறையாக விசாரித்தார்கள். ஒருவர் பிஸ்கட் கொடுத்தார். ஒருவர் புது மூக்குக்கண்ணாடி ஃபிரேம் தருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஹாலுக்கு வந்தோம். ரிமோட்டைக் காணவில்லை.

சோபா மெத்தைகளைப் புரட்டினோம். மேசைக்கு அடியில் பார்த்தோம். ஃபிரிட்ஜில்கூடப் பார்த்தோம், ஏனென்றால் இவர் ஒரு தடவை அங்கே வைத்திருக்கிறார். டிவியின் பின்னால் ஒரு பட்டன் இருக்கிறதாம், ஆனால் சுவரோடு ஒட்டித் திருகியிருப்பதால் விரல்கூட நுழையாது. இவர் கைபேசியிலிருந்து டிவியைப் போட முயன்றார். அனுமதிக்க ரிமோட்டில் 'சரி' என்பதை அழுத்தவும் என்று கைபேசி கேட்டது.

"ரிமோட்டைத் தேடுறதுக்கு ரிமோட்டைக் கேட்குது" என்றார் இவர்.

அப்பாவும் மாமனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சம்பந்தி, இது தானா காணாமப் போகலை" என்றார் அப்பா.

"நானும் அதேதான் நெனச்சேன்" என்றார் மாமனார்.

அத்தனை நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். படம் பார்ப்பதை எல்லோரும் மறந்துபோனோம்.

அப்பா ஜன்னலோர நாற்காலியை இழுத்து ஹாலின் நடுவில் போட்டு உட்கார்ந்து, எதிரில் ஒரு முக்காலியைப் போட்டார். கண்ணை மூடினார். "ஒவ்வொருத்தரா வாங்க" என்றார் கிணற்றுக்குள்ளிருந்து.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். நான் அந்த மௌனத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். பரீட்சை மார்க்குக்கும் அதே மௌனம்தான், உடைந்த கண்ணாடி ஜாடிக்கும் அதே மௌனம்தான். ஒரு ஆப்பிளை எடுத்து நறுக்கிச் சாப்பிட்டு முடித்தேன். "போ" என்றார்.

அடுத்தது இவர். இவருக்கு அனுபவம் போதாது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அப்பா அசையவில்லை. மூச்சு மட்டும் கனமாக வந்தது.

"மாமா, ரிமோட்டை நான் எடுக்கலை" என்றார் இவர்.

மௌனம்.

"சத்தியமா எடுக்கலை."

மௌனம்.

"கார்க் கதவைத்தான் நான் இடிச்சேன். கீழே தூண்ல. எதிர் வீட்டுக்காரங்கதான் இடிச்சிருப்பாங்கன்னு இவகிட்ட சொல்லிட்டேன்."

இரண்டாவது ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்த என் கத்தி நின்றது. அந்தக் கீறலுக்காக நான் எதிர் வீட்டு அம்மாளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தேன். லிஃப்டில் அவரைப் பார்த்தால் மேலே எரியும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வருவேன். "உங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன்" என்றேன்.

"பார்த்தியா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "வேலை செய்யுது."

அதே நேரம் மாமனார் இன்னொரு பக்கத்தில் முழங்காலில் இறங்கியிருந்தார். கடையில் கண்ணாடிச் சில்லில் கீறல் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு சோபாவுக்கு அடியில் தலையை விட்டார். அங்கிருந்து இவர் தொலைத்த இயர்ஃபோன் ஒன்று, ஒரு கொண்டை ஊசி, காய்ந்துபோன பிஸ்கட் பாதி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து வைத்தார். பிறகு கையை நன்றாக உள்ளே விட்டு, கசங்கிய சாக்லேட் தாள்களாக ஒரு கைப்பிடி அள்ளினார். புருவம் விர்ரென்று ஏறியது. அப்புறம் யோசித்தார். புருவம் அதே வேகத்தில் இறங்கியது. அந்த வீட்டில் சர்க்கரை சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற ஒரே ஆள் அவர்தான். யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாள்களைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"என்ன மாமா கிடைச்சுது?" என்றேன்.

"வழக்குக்குச் சம்பந்தமில்லாதது" என்றார்.

அப்பா மாமியாரைக் கூப்பிட்டார். மாமியார் பின்னல் பையையும் எடுத்துக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அப்பா கண்ணை மூடினார். மாமியார் பின்னினார். ஊசிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வரிசை முடிந்து திரும்பினார். இன்னொரு வரிசை முடிந்து திரும்பினார். மூன்றாவது வரிசை பாதி இருக்கும்போது அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. மாமியார் எழுந்து, அவர் கழுத்துக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மாமனாரை அப்பா முன்பே கூப்பிட்டும் அவர் உட்காரவில்லை. "நீங்க முதல்ல என் முன்னாடி உட்காருங்க, அப்புறம் நான் உங்க முன்னாடி உட்கார்றேன்" என்று அப்போதே சொல்லிவிட்டார். இப்போது பால்கனிப் பக்கம் போனார். அங்கே கொடியில் அப்பாவின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. போனவர் நேரம் கழித்துத்தான் வந்தார். கண்ணிலிருந்து லென்ஸை எடுத்துவிட்டு, "எல்லாரும் ஹாலுக்கு வாங்க. விஷயம் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"நானும் அதையே சொல்லத்தான் இருந்தேன்" என்றார் அப்பா.

"தூங்கி எழுந்தவுடனேயா?"

"நான் கண்ணை மூடினா தூங்குறேன்னு அர்த்தம் இல்லை."

யார் முதலில் சொல்வது என்பதில் மறுபடியும் உபசாரம். "நீங்க சொல்லுங்க", "சேச்சே, நீங்க வீட்டுக்கு வந்தவங்க, நீங்க சொல்லுங்க." கடைசியில் மாமனார்தான் ஆரம்பித்தார். ஒல்லியர் மாதிரியே ஹாலின் குறுக்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். சின்ன ஹால், சீக்கிரமே திரும்ப வேண்டியிருந்தது.

"இந்த வீட்டுல ஒருத்தர் நம்மகிட்ட பொய் சொல்லிட்டு இருக்கார். ஒரு பொய் சொல்றவர் இன்னொண்ணும் சொல்வார்." முதுகுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் பேண்ட்டை எடுத்துக் காட்டினார். "இது யாரோடது?"

"என்னோடது. ஈரம் காயலை, கொண்டுபோய்ப் போடுங்க" என்றார் அப்பா.

"அடியில என்ன, வெள்ளையா?"

"தூசி."

"துவைச்சும் போகாத தூசி. டைல்ஸ் இடுக்குல பூசுற வெள்ளை சிமெண்ட். பையில புதுசா ஒரு சாவி வேற. சம்பந்தி, உங்க வீட்டு வேலை முடிஞ்சு போச்சு. சுவரு கட்டி, டைல்ஸ் ஒட்டி, புதுக் கதவு போட்டு, எல்லாம் முடிஞ்சுது. நீங்க நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய்ப் பார்த்துட்டும் வந்திருக்கீங்க. எங்ககிட்ட சொல்லலை. ஏன் சொல்லலை?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நடை நின்றுவிட்டது. பேண்ட் கையிலேயே தொங்கியது.

அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அவர் தனியாக எப்படி இருப்பார் என்பது எனக்குத் தெரியும். சாயங்காலமானால் படம் போட்டுவிட்டு, எதிர்த்துப் பேச ஆளில்லாமல், முடிகிறவரைக்கும் பார்த்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுப்பார். நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"என் முறை" என்றார். குரல் கிணற்றிலிருந்து வரவில்லை, சாதாரணமாகத்தான் வந்தது. "போன வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் அந்த நாற்காலியில கண்ணை மூடிட்டு இருந்தேன். நான் தூங்குறேன்னு நெனச்சு ஒருத்தர் சத்தத்தைக் கொறைச்சு வெச்சுட்டுப் பெரியவர் படம் பார்த்தார். கொலைகாரி தன்னோட சொந்தத் தங்கச்சின்னு தெரிஞ்சதும் பெரியவர் குடையை எடுத்துக்கிட்டு எழுந்து போவாரே, அந்த இடம். அங்க அந்த ஒருத்தர் மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பெரியவரைப் பிடிச்சுப் போச்சு. அதான் இன்னிக்கு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கப் பயந்து ரிமோட்டை ஒளிச்சுட்டார்."

"கண்ணுல தூசி விழுந்துச்சு" என்றார் மாமனார்.

"ஆயுசு பூரா ஊராரோட கண்ணையே பார்த்தவரு கண்ணுல தூசியா?"

"விழக்கூடாதா?"

ஒருவர் கையில் ஈரப் பேண்ட். இன்னொருவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் இவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கார்க் கதவு ஞாபகம் வந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது டிவி தானாக ஆன் ஆனது.

யாரும் பக்கத்தில் போகவில்லை. சட்டென்று வெளிச்சம் வந்தது, இசை வந்தது, பெயர்கள் ஓடின, நெற்றியில் முடி விழுந்த அந்த மூன்றாவது குடைக்காரர் ஓட்டமாக ஒரு மாடிப்படியில் ஏறி வந்தார்.

"இவன் யாரு?" என்றார் அப்பா.

"புதுசா ஒருத்தன் பண்றானாம்" என்றார் மாமனார்.

"கையில குடை இல்லையே."

"ரயில்ல விட்டுட்டானாம்."

"ரயில்லயா!" அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாமனார் பேண்ட்டை சோபா முதுகில் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் தொடரின் அந்தப் பகுதி முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த இளைஞரைத் தலையிலிருந்து கால்வரை பிரித்து மேய்ந்தார்கள். அவன் ஓடுவது தப்பு, நிற்பது தப்பு, தலை வாராதது தப்பு. மாமனார் அளப்பதற்கு ஸ்கேலைத் தேடினார். டிவி எப்படித் தானாக வந்தது என்று இரண்டு துப்பறிவாளர்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவர்தான், "ஏதோ அப்டேட் ஆகியிருக்கும்" என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். பின்னல் பையில், நீல நூல் உருண்டைக்கும் சாம்பல் நூல் உருண்டைக்கும் நடுவில், ரிமோட்டின் கறுப்பு முனை தெரிந்தது. மாமியாரும் என்னைப் பார்த்தார். அவசரமில்லாமல் நூலை இழுத்து அதை மூடினார். நான் டீ போடப் போனேன்.

மறுநாள் காலையில் அப்பா பெட்டி கட்டிவிட்டார்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் என்னிடம். நான், "இருங்கப்பா" என்றேன். "எத்தனை நாள் இருக்கிறது?" என்றார். மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். கடையில் வாடிக்கையாளருக்குத் தப்பான பவரைச் சொல்லிவிட்ட மாதிரி முகம். ஆனாலும் வாயைத் திறந்து இருங்கள் என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

அப்பா வாசலுக்குப் போய்க் குனிந்தார். அவருடைய ஷூவில் இடது கால் ஷூ இருந்தது. வலது கால் ஷூ இல்லை.

"என்னோடதைப் போட்டுக்கோங்க மாமா, ஒரே சைஸ்தான்" என்று இவர் ஓடிப்போய் ஒரு ஜோடியை எடுத்து வந்து நீட்டினார்.

அப்பா அதையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "மாப்பிள்ளை, அடுத்தவங்க ஷூ எனக்குக் கடிக்கும்" என்றார். காலை விட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒத்தை ஷூவோட எப்படிப் போவீங்க?" என்றார் மாமனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "கிடைச்சதும் போகலாம். இது கொஞ்சம் சிக்கலான கேஸ் மாதிரி தெரியுது."

"நாள் ஆகுமோ?"

"ஆகும்."

"அப்ப சரி" என்றார் அப்பா. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாமனார் அன்றைக்கு ஷூவைத் தேடாத இடமில்லை. பால்கனி, பாத்திர அலமாரி, வாஷிங் மெஷின், எதிர் வீட்டு வாசல். தன் துணி அலமாரியை மட்டும் திறக்கவில்லை. அப்பாவும் அதைத் திறந்து பாருங்கள் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அந்தக் கடிகாரக் கடைக் கதையைப் பெரியவர் நடிப்பில் ஒரு தடவையும் ஒல்லியர் நடிப்பில் ஒரு தடவையும் பார்த்தார்கள். இவரிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. மறுநாள் மூன்றாமவரை ஒரு தடவை பார்த்து ஆத்திரப்பட்டார்கள். வீடு மறுபடியும் பழையபடி ஆகிவிட்டது. சண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாக நடந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்டியது மாமியார். அந்த வார இறுதியில் காலையில் நான் எழுந்து வரும்போது வாசலில் அப்பாவின் இரண்டு ஷூவும் இருந்தன, பளபளவென்று பாலிஷ் போட்டு. பக்கத்தில் மாமனாரின் ஷூவும் அதே பளபளப்பில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாமனாரின் துணிப்பை, அதன் மேல் அவருடைய மாத்திரை டப்பா.

"ஷூ எங்க இருந்துச்சு?" என்றார் அப்பா.

"இருந்த இடத்துல இருந்துச்சு அண்ணா" என்றார் மாமியார். "உங்க வீட்டு டிவி இதைவிடப் பெரிசாமே? பாத்ரூமும் புதுசு. இவரையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் ஒரு பத்து நாள் ஆசை தீரப் பார்த்துட்டு, பேசி முடிச்சுட்டு வாங்க. இவருக்குச் சாக்லேட் மட்டும் கண்ணுல காட்டாதீங்க."

மாமனார் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"நான் எதுக்கு?" என்றார். ஆனால் ஏற்கெனவே குனிந்து ஷூவில் காலை விட்டுக்கொண்டிருந்தார். அப்பா கையோடு மாமனாரின் பையையும் தூக்கிக்கொண்டார். லிஃப்ட் வந்ததும் இரண்டு பேரும் ஏறினார்கள். கதவு மூடும்போதே, "ராத்திரி முதல்ல ஒல்லியர்" என்று மாமனார் சொல்வதும், "என் வீட்டுலயா?" என்று அப்பா கேட்பதும் காதில் விழுந்தது. குரல்கள் மாடி மாடியாகக் கீழே போய் மறைந்தன.

மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஹாலில் அப்படி ஒரு அமைதி. எனக்கு எங்கள் கிளினிக் அறை ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நான் எதிர் வீட்டு அம்மாளிடம் போய் ஒரு மாதிரி சிரித்து, ஒரு மாதிரி பேசி, அந்தக் கணக்கைத் தீர்த்தேன். இவர் காரை எடுத்துக்கொண்டு கதவைச் சரிசெய்யப் போனார். சாயங்காலம் மாமியார் காலை நீட்டி சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வாம்மா, நாம நிம்மதியா உட்கார்ந்து பார்க்கலாம்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது குடைக்காரர் ரயில் நிலையத்தில் இறங்கினார்.

"இவனைத்தான் எனக்குப் பிடிக்கும்" என்றார் மாமியார்.

"பார்க்க நல்லா இருக்கார்" என்றேன்.

"அதுக்காக இல்லை. இவனாவது கொஞ்சம் குள்ளமா இருக்கான். புத்தகத்துல அந்த மனுஷர் குள்ளம்தான். இவங்க ரெண்டு பேரும் பனைமரம் மாதிரி நிக்கிற ஆளுங்களைப் பிடிச்சுட்டுச் சண்டை போடுறாங்க."

"நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்களா அத்தை?"

"எத்தனை தடவைன்னு கேளு" என்றார். குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு வேகம். "இந்த இடம் பாரு, கையில சூட்கேஸ் வெச்சிருக்கான். இல்லவே இல்லை. புத்தகத்துல துணிப்பை. அந்தத் துணிப்பைக்குக் கைப்பிடி அறுந்திருக்கும், அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பாங்க. இந்த வேலைக்காரி வேஷமும் தப்பு. அவளுக்கு வயசு அதிகம். நிறுத்து, நிறுத்து, இதைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டறேன், இவன் இப்ப சொன்ன வசனம் வேற கதையில வர்றது."

பின்னால் ஓட்டினார். விளக்கினார். மறுபடி பின்னால் ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் அந்தக் குடைக்காரர் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வரவில்லை. நான் மெல்ல எழுந்து சமையலறைக்குள் போய் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். மாமனார்தான் எடுத்தார். பின்னால் கிணற்றுக் குரலில் யாரோ யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவா டிவியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"மாமா, எப்ப வருவீங்க?" என்றேன்.

"முக்கியமான இடம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

"எங்க போயிட்டே?" என்று ஹாலிலிருந்து மாமியார் கூப்பிட்டார். "சீக்கிரம் வா. இந்த சீன் புத்தகத்துல கிடையவே கிடையாது."